பஃபெட் தன் ஆசிரியரிடம் கற்றதும் கைவிட்டதும்

2025 மே 3 அன்று அமெரிக்காவின் ஓமாஹா நகரில் நடந்த பங்குதாரர் கூட்டம் முடியப்போகும் நேரத்தில், பெர்க்‌ஷயர் ஹாதவே என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து ஆண்டு இறுதியில் விலகுவதாக வாரன் பஃபெட் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 94. அந்தச் செய்தியோடு சேர்ந்து ‘மதிப்பு முதலீடு’, ‘பெஞ்சமின் கிரஹாமின் சீடர்’ என்ற சொற்களும் மீண்டும் உலா வந்தன.

தொடர்ந்து செய்தி படிப்பவருக்கு இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. மதிப்பு முதலீடு என்றால் மலிவாகக் கிடைக்கும் பங்கை வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படியென்றால் கோக கோலாவையும் ஆப்பிளையும் அவர் ஏன் வாங்கினார்? இரண்டுமே தள்ளுபடிக் கடைச் சரக்கு இல்லையே. இன்னொரு கேள்வியும் உண்டு. 2024 முடிவில் 33,000 கோடி டாலருக்கு மேல் ரொக்கமாகவும் குறுகிய கால அரசுப் பத்திரங்களாகவும் குவித்து வைத்துக்கொண்டு அந்த நிறுவனம் காத்திருந்தது ஏன்?

இந்த இரண்டுக்கும் விடை தேட, 1950ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே கிரஹாம் என்ற ஆசிரியர், மாணவரான பஃபெட்டுக்கு இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று கணக்குச் சூத்திரம், மற்றொன்று மனப்பழக்கம். மாணவர் முதலாவதை இருபது ஆண்டுகளில் தேய்த்துத் தீர்த்தார். இரண்டாவது கடைசிவரை அவரிடம் இருந்தது. ‘சீடர்’ என்று எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம்.

முதலில் மூன்று சொற்கள்

1. உள்ளார்ந்த மதிப்பு: ஒரு நிறுவனத்தின் சொத்து, கடன், அது ஈட்டும் லாபம் ஆகியவற்றை வைத்து, மொத்தமாக வாங்கினால் எவ்வளவு கொடுக்கலாம் என்று போடும் மதிப்பீடு. பங்குச் சந்தையில் அன்றன்று ஓடும் விலை வேறு, இது வேறு. இது துல்லியமான எண்ணாகக் கிடைக்காது. ஏறக்குறைய இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும்.

2. பாதுகாப்பு இடைவெளி: மேலே சொன்ன மதிப்பீடு தவறிப்போகலாம் என்பதால், அதைவிட நன்றாகக் குறைந்த விலையில் மட்டுமே வாங்குவது. பத்து டன் லாரி போகும் பாலத்தை முப்பது டன் தாங்கும்படி கட்டுவது போன்றது.

3. நிகர நடப்புச் சொத்து: கையிருப்பு ரொக்கம், விற்காமல் இருக்கும் சரக்கு, வர வேண்டிய பாக்கி ஆகிய மூன்றும் நடப்புச் சொத்து. அதிலிருந்து நிறுவனத்தின் எல்லாக் கடன்களையும் கழித்தால் மிஞ்சுவது நிகர நடப்புச் சொத்து. கட்டடமும் இயந்திரமும் இந்தக் கணக்கில் சேராது. கிரஹாமின் சூத்திரம் இதன்மேல் நிற்கிறது.

ஆசிரியர் எங்கிருந்து வந்தார்

கிரஹாமின் சூத்திரம் ஏன் அவ்வளவு இறுக்கமானது என்பதை அவர் வாழ்க்கையைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். 1894இல் லண்டனில் பிறந்தவர்; ஒரு வயதில் குடும்பம் நியூயார்க் வந்தது. 1903இல் தந்தை இறந்தார். குடும்பம் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தபோது, கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்த தாய் 1907 சந்தைச் சரிவில் அதையும் இழந்தார். படிப்பில் கெட்டிக்காரரான மகன் 1914இல் கொலம்பியாவில் பட்டம் பெற்றதும் ஆங்கிலம், கணிதம், தத்துவம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியராக அழைத்தன. குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால், நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தெருவான வால் ஸ்ட்ரீட் போனார்.

1926இல் அவர் செய்த ஒரு வேலை அவருடைய பாணியைக் காட்டும். நார்தர்ன் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனத்தின் பங்கு 65 டாலருக்கு விற்றது. அந்த நிறுவனம் அரசு ஆணையத்துக்குக் கொடுத்திருந்த அறிக்கைகளைப் படிக்கக் கிரஹாம் வாஷிங்டன் போனார். பங்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 95 டாலர் மதிப்புள்ள பத்திரங்களையும் பிற முதலீடுகளையும் நிறுவனம் சும்மா வைத்திருப்பது அதில் தெரிந்தது. அந்த அறிக்கைகள் யார் கேட்டாலும் பார்க்கக்கூடியவை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பங்குகளை வாங்கிச் சேர்த்து, இயக்குநர் குழுவில் இடம் பிடித்து, அந்தப் பணத்தில் பெரும்பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வைத்தார்.

பிறகு 1929 வந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தையின் போக்கைக் காட்டும் டோ ஜோன்ஸ் குறியீட்டெண் அந்த ஆண்டு செப்டம்பரில் 381 ஆக இருந்தது. 1932 ஜூலையில் 41. கிரஹாம் நிர்வகித்த பணமும் 1932க்குள் ஏறக்குறைய 70 சதவீதம் கரைந்துபோனது. வீட்டில் ஒரு முறை, தொழிலில் ஒரு முறை என இரண்டு தடவை சூடுபட்டவர் அவர். டேவிட் டாட் என்ற சக ஆசிரியரோடு சேர்ந்து 1934இல் அவர் வெளியிட்ட ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ என்ற பாடநூலை, அந்தச் சூட்டின் தழும்போடு எழுதியது என்று நினைத்துப் படித்தால்தான் அதன் எச்சரிக்கைத் தொனி புரியும்.

அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1932இல் கிரஹாம் நியூயார்க் சந்தையில் 600 தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை தங்கள் நிகர நடப்புச் சொத்தைவிடக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன. நிறுவனத்தை மூடி, சரக்கை விற்று, கடனைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பங்கிட்டாலே பங்கு விலையைவிட அதிகம் கிடைக்கும் நிலை. அவர் சூத்திரம் பிறந்த மண் அது.

சூத்திரம் வேலை செய்யும் விதம்

ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம்.

1. நடப்புச் சொத்து 50 லட்சம் டாலர். எல்லாக் கடன்களும் சேர்த்து 20 லட்சம். நிகர நடப்புச் சொத்து 30 லட்சம்.
2. ஒரு லட்சம் பங்குகள் உள்ளன. பங்கு ஒன்றுக்கு 30 டாலர்.
3. கிரஹாமின் விதிப்படி இதில் மூன்றில் இரண்டு பங்கு விலை, அதாவது 20 டாலர் அல்லது அதற்கும் குறைவாகக் கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.
4. ஒரு நிறுவனத்தோடு நிற்காமல், இப்படிப்பட்டவற்றைப் பல பத்துக் கணக்கில் வாங்க வேண்டும். சில திவாலாகும், மொத்தத்தில் லாபம் வரும்.

நான்காவது படி முக்கியமானது. தனித்தனி நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. காப்பீட்டு நிறுவனம் நடத்துகிற மாதிரி. யார் வீடு எரியும் என்று தெரியாது, எத்தனை வீடு எரியும் என்று தெரியும். அதனால்தான் கிரஹாம் நிறுவன மேலாளர்களைப் போய்ப் பார்ப்பதை விரும்பவில்லை. பேச்சில் மயங்கிவிடக்கூடும், எண்கள் மயக்காது என்பது அவர் கருத்து.

மாணவர் வந்த வழி

பஃபெட் 1930இல் ஓமாஹாவில் பிறந்தார். 1942இல், 11 வயதில், சிட்டீஸ் சர்வீஸ் நிறுவனத்தின் மூன்று முன்னுரிமைப் பங்குகளை 38.25 டாலர் வீதம் வாங்கினார். அது 27க்கு இறங்கியது. மறுபடி 40க்கு ஏறியதும் விற்றுவிட்டார். பிறகு அது 202 வரை போனது. அடுத்த சில ஆண்டுகள் விலை வரைபடங்களைப் பார்த்தும் இன்னும் பல உத்திகளை முயன்றும் பொழுது போனது. விலையைத் தவிர வேறெதையும் பார்க்காத சராசரி இளம் முதலீட்டாளர் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருந்தார்.

19 வயதில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கிரஹாம் பொது வாசகருக்காக எழுதி 1949இல் வெளிவந்திருந்த ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ கைக்குக் கிடைத்தது. 1950இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. கொலம்பியாவின் பாடத்திட்டத்தில் கிரஹாம், டாட் பெயர்களைப் பார்த்து டாட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் இருவரும் எப்போதோ இறந்துபோனவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன் என்று பஃபெட் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அங்கே 1951 வரை அவர் பெற்றதில், சூத்திரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மூன்று கருத்துகள் மிஞ்சுகின்றன.

1. பங்கு என்பது ஒரு தொழிலில் உள்ள பாகம். பெட்டிக்கடையில் பாதிப் பங்கு வாங்குபவர், கடையில் தினம் எவ்வளவு விற்கிறது, வாடகை எவ்வளவு என்று கேட்பார். நேற்று ஒருவர் என்ன விலைக்குக் கேட்டார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார். சந்தைப் பங்கையும் அப்படிப் பார்க்க வேண்டும்.

2. சந்தை என்பது மனநிலை மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு கூட்டாளி. கிரஹாம் சொன்ன உவமை இது. அவர் தினமும் உங்கள் வாசலுக்கு வந்து ஒரு விலை சொல்வார்: என் பாகத்தை இந்த விலைக்கு வாங்கிக்கொள், அல்லது உன் பாகத்தை இதே விலைக்கு எனக்குக் கொடு. ஒருநாள் உற்சாகம் தலைக்கேறி அதிகமாகக் கேட்பார். இன்னொரு நாள் உலகமே முடிந்துவிட்டதுபோல் அடிமாட்டு விலை சொல்வார். நீங்கள் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினாலும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் வருவார். அவர் சொல்லும் விலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; அவரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது.

3. முன்பு சொன்ன பாதுகாப்பு இடைவெளி.

இந்த மூன்றில் எதிலுமே ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்பது போன்ற எண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண் இல்லாததால்தான் இவை காலாவதியாகவில்லை. கிரஹாமைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பலர் இன்றும் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அது எளிது; கணினியே சலித்துக் கொடுத்துவிடும்.

சனிக்கிழமை ரயில்

மாணவர் ஆசிரியரை விட்டு விலகிய முதல் இடம், வியப்பாக, ஆசிரியர் வழியாகவே வந்தது. கிரஹாம் கெய்கோ என்ற வாகனக் காப்பீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவர் என்பதைப் பஃபெட் தெரிந்துகொண்டார். 1951 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வாஷிங்டன் போனார். அலுவலகம் பூட்டியிருந்தது. கதவைத் தட்டியதும் காவலாளி உள்ளே விட்டார். வேலை பார்த்துக்கொண்டிருந்த லோரிமர் டேவிட்சன் என்ற அதிகாரி, முன்பின் தெரியாத இந்த 20 வயது மாணவரோடு நான்கு மணி நேரம் பேசினார்.

அந்தப் பேச்சில் பஃபெட் பிடித்துக்கொண்டது இதுதான்: கெய்கோ முகவர்களை வைத்துக்கொள்ளாமல் நேரடியாக விற்கிறது. அதனால் முகவர் கழிவு மிச்சம். மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தும் லாபம் வரும். போட்டியாளர்கள் இதைப் பின்பற்ற வேண்டுமானால் தங்கள் முகவர்களையே பகைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு 10,282 டாலரை இந்த ஒரே பங்கில் போட்டார். ஆண்டு முடிவில் அது அவருடைய சொத்தில் 65 சதவீதம்.

நிகர நடப்புச் சொத்துக் கணக்கில் கெய்கோ தேறாது. பல பத்து நிறுவனங்களில் பிரித்துப் போடு என்ற விதியும் மீறப்பட்டது. மேலாளரைப் பார்க்காதே என்ற பழக்கமும் போனது. ஒரு பங்கைத் தொழிலாகப் பார் என்ற முதல் பாடம் மட்டும் முழுமையாக நிறைவேறியது. பாடத்தை அப்படியே பின்பற்றினால் சூத்திரம் இடிக்கும் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது, ஆனால் அவர் அதை உணரவில்லை. 1952இல் 15,259 டாலருக்கு விற்றுவிட்டு, கணக்குப்படி இன்னும் மலிவான வேறொரு பங்குக்குப் போனார். விற்ற கெய்கோ பங்குகள் அடுத்த இருபது ஆண்டுகளில் 13 லட்சம் டாலர் ஆயின. சிட்டீஸ் சர்வீஸ் கதை இரண்டாம் முறை.

தொழில் பழகிய இரண்டு ஆண்டுகள்

படிப்பு முடிந்ததும், கிரஹாமின் முதலீட்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்வதாகப் பஃபெட் கேட்டார். கிரஹாம் மறுத்தார். வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் பல அப்போது யூதர்களை வேலைக்கு எடுப்பதில்லை. தன்னிடம் இருந்த சில இடங்களை யூத இளைஞர்களுக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார். பஃபெட் ஓமாஹா திரும்பி, அங்கிருந்து விடாமல் கடிதம் எழுதினார். 1954இல் அழைப்பு வந்தது. அதே ஆண்டு பிறந்த மகனுக்கு ஹோவர்டு கிரஹாம் என்று பெயர் வைத்தார்.

அங்கே கற்றதற்கு ராக்வுட் என்ற சாக்லேட் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. 1941இல் ஒரு பவுண்டு எடைக்கு 5 சென்ட்டாக இருந்த கோகோ, 1954இல் தட்டுப்பாட்டால் 60 சென்ட்டைத் தாண்டியது. நிறுவனத்திடம் பழைய விலையில் கணக்கு வைத்த கோகோ மலைபோல் இருந்தது. விற்றால் ஏறக்குறைய பாதி லாபம் வரியாகப் போகும். ஆனால் தொழிலின் ஒரு பகுதியை மூடிவிட்டுச் சரக்கையே பங்குதாரர்களுக்குக் கொடுத்தால் வரி இல்லை என்று அந்த ஆண்டுச் சட்டம் சொன்னது. எனவே ஒரு பங்கைக் கொடுத்தால் 80 பவுண்டு கோகோ தருவதாக ராக்வுட் அறிவித்தது. பஃபெட் பல வாரங்கள் பங்கை வாங்குவதும், அதைக் கொடுத்துக் கிடங்கு ரசீது வாங்குவதும், கோகோவை விற்பதுமாக இருந்தார். செலவு சுரங்க ரயில் டிக்கெட் மட்டும்.

இது கிரஹாம் பள்ளியின் சுத்தமான வேலை. ஆனால் இந்தத் திட்டத்தை வகுத்தவர் ஜே பிரிட்ஸ்கர் என்ற இளம் தொழிலதிபர். அவர் பங்கை விற்காமல் நிறுவனத்தையே கைப்பற்றிக்கொண்டிருந்தார். 15 டாலரில் இருந்த பங்கு சிறிது காலத்தில் 100 ஆனது. சில டாலர் லாபத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர் பக்கத்திலேயே, ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்தில் பல மடங்கு சம்பாதித்ததைப் பஃபெட் பார்த்தார்.

1956இல் கிரஹாம் ஓய்வு பெற்று நிறுவனத்தை மூடினார். பஃபெட் ஊர் திரும்பி, உறவினர்கள் நண்பர்கள் பணத்தோடு 1,05,100 டாலரில் ஒரு கூட்டு நிதியைத் தொடங்கினார். அதில் அவர் போட்டது 100 டாலர்.

தொடக்க ஆண்டுகளில் அவர் ஆசிரியரின் நிழலாகவே நடந்தார். சான்போர்ன் என்ற வரைபட நிறுவனத்தின் பங்கு 1958இல் 45 டாலர்; அது வைத்திருந்த முதலீடுகள் மட்டும் பங்குக்கு 65 டாலர். வரைபடத் தொழிலுக்குச் சந்தை கொடுத்த மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே 20 டாலர். பஃபெட் பங்குகளைச் சேர்த்து, இயக்குநர் குழுவில் நுழைந்து, முதலீடுகளைப் பிரிக்க வைத்தார். நார்தர்ன் பைப்லைன் கதையேதான், பெயர்கள் மட்டும் வேறு. ஒரே வேறுபாடு, நிதியில் ஏறக்குறைய 35 சதவீதத்தை அந்த ஒரு பங்கில் போட்டது. கிரஹாம் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

சூத்திரம் உடைந்த இடம்: 26 டாலர் தறி

பெர்க்‌ஷயர் ஹாதவே என்ற பெயரே இந்தக் கதையில் ஒரு தோல்வியின் பெயர். அது நியூ இங்கிலாந்துப் பகுதியின் நலிந்துகொண்டிருந்த நெசவாலை நிறுவனம். 1962 டிசம்பரில் பஃபெட் முதல் பங்குகளை 7.50 டாலருக்கு வாங்கியபோது, அதன் செயல்பாட்டு மூலதனம் (நடப்புச் சொத்தில் கடன் போக மிஞ்சுவது) பங்குக்கு 10.25 டாலர், புத்தக மதிப்பு (கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் சொத்து மதிப்பு) 20.20 டாலர். மூன்றில் இரண்டு பங்கு என்ற வரம்பை மயிரிழையில் தாண்டினாலும், சூத்திரத்துக்கு ஏறக்குறைய ஒத்துவந்த மலிவுச் சரக்கு.

நிறுவனம் அவ்வப்போது ஓர் ஆலையை மூடி, அந்தப் பணத்தில் பங்கைத் திரும்ப வாங்கும். அப்போது விற்றுவிட்டு வெளியேறுவது பஃபெட்டின் திட்டம். 1964இல் நிறுவனத்தின் தலைவர் 11.50 டாலர் தருவதாக வாய்மொழியாகச் சொல்லி, கடிதத்தில் 11.375 என்று போட்டார். எட்டில் ஒரு டாலர் குறைவு. எரிச்சலடைந்த பஃபெட் விற்காமல் மேலும் வாங்கிக் குவித்து, 1965 மே மாதம் நிறுவனத்தையே கையில் எடுத்து, அந்தத் தலைவரை வெளியேற்றினார். அடுத்த வீட்டுக்காரரோடு வாய்க்கால் தகராறு வந்து அவர் மனையையே வாங்கியதுபோல ஆயிற்று. மனை தரிசு.

பிறகு இருபது ஆண்டுகள் அந்த ஆலைகள் பணத்தை விழுங்கின. 1985இல் மூடியபோது ஏலத்தில் நடந்ததைப் பஃபெட்டே தன் ஆண்டறிக்கைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 1.3 கோடி டாலருக்கு வாங்கிய இயந்திரங்களின் புத்தக மதிப்பு 8,66,000 டாலர். ஏலத்தில் வந்த மொத்தத் தொகை 1,63,122 டாலர். 1981இல் தலா 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூட யாரும் கேட்கவில்லை. கடைசியில் பழைய இரும்பாகத் தறி ஒன்று 26 டாலருக்குப் போனது. அகற்றும் செலவு அதைவிட அதிகம்.

இந்தத் தறி, சூத்திரத்தின் மூன்று பலவீனங்களையும் ஒருசேரக் காட்டுகிறது.

1. புத்தகத்தில் எழுதிய மதிப்பு, அந்தச் சொத்தை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரைதான் மதிப்பு.
2. மலிவான பங்கில் லாபம் ஒரு முறைதான். விலை மதிப்பை எட்டியதும் விற்று, அடுத்ததைத் தேட வேண்டும். விற்காமல் தங்கிவிட்டால் மோசமான தொழில் அந்த லாபத்தையும் தின்றுவிடும். இத்தகைய பங்குகளைப் பஃபெட் சுருட்டுத் துண்டுக்கு ஒப்பிடுவார்: தெருவில் கிடப்பதை எடுத்து ஓர் இழுப்பு இலவசமாக இழுக்கலாம், அதோடு சரி.
3. சிறிய பணத்துக்குத்தான் இது சரிப்படும். கோடிக்கணக்கில் பணம் சேர்ந்த பிறகு, தெருவில் அத்தனை துண்டுகள் கிடைக்காது.

சாக்லேட் கடையில் ஒரு கணக்கு

இங்கேதான் சார்லி மங்கர் வருகிறார். 1959இல் அறிமுகமான அவர், 2023இல் 99 வயதில் இறக்கும்வரை பஃபெட்டின் கூட்டாளி. சுமாரான தொழிலை அருமையான விலைக்கு வாங்குவதை மறந்துவிட்டு, அருமையான தொழிலை நியாயமான விலைக்கு வாங்கு என்பது அவர் பிடிவாதம். இதைப் பலரும் பொன்மொழிபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பின்னால் உள்ள கணக்கைப் பார்ப்பதே பயன்.

1972இல் கலிபோர்னியாவின் சீஸ் கேண்டீஸ் என்ற சாக்லேட் கடை நிறுவனம் விற்பனைக்கு வந்தது. கேட்ட விலை 3 கோடி டாலர், பஃபெட் 2.5 கோடிக்கு மேல் நகரவில்லை. விற்றவர்கள் இறங்கி வந்தார்கள். சரக்கு, இயந்திரம் போன்ற கண்ணால் காணக்கூடிய சொத்து 80 லட்சம் டாலர்தான். அதாவது சொத்து மதிப்பைப்போல மூன்று மடங்கு விலை. கிரஹாமின் சல்லடையில் முதல் ஆட்டத்திலேயே கீழே விழுந்திருக்கும். பிறகு ஏன் வாங்க வேண்டும்?

வரி போக 20 லட்சம் டாலர் சம்பாதிக்கும் இரண்டு நிறுவனங்களை வைத்து அவர் 1983இல் விளக்கினார்.

1. சீஸ் 80 லட்சம் சொத்தில் 20 லட்சம் ஈட்டுகிறது. சாதாரண நிறுவனம் ஒன்று 1.8 கோடி சொத்தில் அதே 20 லட்சம் ஈட்டுகிறது. இரண்டாவதை அதன் சொத்து மதிப்புக்கே, 1.8 கோடிக்கு, வாங்கிவிடலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அதுதான் மலிவு.
2. இப்போது விலைவாசி இரண்டு மடங்காகிறது. அதே நிலையில் தாக்குப்பிடிக்க இரண்டும் 40 லட்சம் ஈட்ட வேண்டும். விலையை ஏற்றினால் முடியும்.
3. ஆனால் சரக்கு, இயந்திரம், பாக்கி எல்லாவற்றுக்கும் ஆகும் செலவும் இரு மடங்கு. சாதாரண நிறுவனம் கூடுதலாக 1.8 கோடி போட வேண்டும். சீஸ் 80 லட்சம் போட்டால் போதும்.
4. முடிவில் சாதாரண நிறுவனத்தின் மதிப்பு 3.6 கோடி, 1.8 கோடி போட்டு 1.8 கோடி உயர்வு, போட்டதே திரும்பியது. சீஸின் மதிப்பு 5 கோடி. 80 லட்சம் போட்டு 2.5 கோடி உயர்வு.

அதாவது, பணவீக்கம் உள்ள உலகில், கட்டடமும் தறியும் சரக்கும் நிறைந்த நிறுவனத்துக்கு அந்தச் சொத்தே சுமை. அதில் ஒரு பகுதியான சரக்கையும் பாக்கியையும்தான் கிரஹாம் பாதுகாப்பு என்று நம்பினார். வாடிக்கையாளர் மனத்தில் உள்ள நல்ல பெயருக்குத் துருப்பிடிக்காது, புதுப்பிக்கவும் பணம் கேட்காது.

கணக்கு பலித்தது. 1972 முதல் 2007 வரை சீஸில் புதிதாகப் போட்டது 3.2 கோடி டாலர்; வரிக்கு முன் ஈட்டிய மொத்த லாபம் 135 கோடி. அந்தப் பணம்தான் மற்ற நிறுவனங்களை வாங்க உதவியது. 1988இல் கோக கோலா பங்குகளை வாங்கத் தொடங்கியதற்கு இந்த சாக்லேட் கடைதான் பள்ளிக்கூடம்.

ஆனாலும் பழைய பாடம் அவ்வளவு எளிதில் போகவில்லை. சீஸ் கையில் இருந்தபோதே, 1975இல், வாம்பெக் என்ற இன்னொரு நியூ இங்கிலாந்து நெசவாலையைப் பஃபெட் வாங்கினார். சொத்து மதிப்பைவிட மலிவு என்பதே காரணம். அதுவும் மூழ்கியது. முன்னேற்றத்தை நேர்கோடாக எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் இந்த வாம்பெக் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்புதான். நல்ல ஆசிரியரின் பிடி எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை.

அதே வகுப்பின் இன்னொரு மாணவர்

இதை வைத்து கிரஹாமின் சூத்திரம் பிழை என்று முடிவு கட்ட முடியாது. வால்டர் ஷ்லாஸ் கல்லூரிக்குப் போகாதவர். கிரஹாமின் மாலை வகுப்பில் படித்து, அவரிடமே வேலை செய்து, 1955இல் தனியே நிதி தொடங்கினார். கடைசிவரை சூத்திரத்தை விடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட மலிவுப் பங்குகள், மேலாளர் சந்திப்பு இல்லை, தொழில் அலசல் இல்லை. 1984இல் கொலம்பியாவில் பஃபெட் ஆற்றிய உரையில் கொடுத்த கணக்குப்படி, 28 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஷ்லாஸின் நிதி ஆண்டுக்கு 21.3 சதவீதம் கூட்டு வளர்ச்சி கண்டது. அமெரிக்கச் சந்தையின் பொதுப்போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி குறியீட்டெண் 8.4 சதவீதம்.

ஷ்லாஸுக்குச் சூத்திரம் உடையாததற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. நிதியைச் சிறியதாக வைத்துக்கொண்டார். எந்த நிறுவனத்தையும் நடத்தப் போகவில்லை. பஃபெட்டின் சுபாவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வாங்கிய நிறுவனத்தோடு சேர்ந்து வாழ விரும்புபவருக்கு, வாங்கி விற்றுக் கழற்றிவிடும் முறை ஒத்துவராது.

ஆசிரியரே எழுதிய பின்குறிப்பு

1948இல் கிரஹாமின் நிதி, சொந்த விதிகளை மீறி, ஒரு பெருந்தொகையை ஒரே நிறுவனத்தில் போட்டு அதில் பாதியை வாங்கியிருந்தது. அது கெய்கோதான். ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூலின் பிற்காலப் பதிப்பில் சேர்த்த பின்குறிப்பில், பெயர் சொல்லாமல், கிரஹாம் இதை ஒப்புக்கொள்கிறார்: அந்தப் பங்கின் விலை இருநூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது, இருபது ஆண்டுகள் பாடுபட்டுச் செய்த மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் கூட்டினாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகவில்லை. 1976இல், இறப்பதற்குச் சற்று முன் அளித்த நேர்காணலில், பங்குகளைத் துருவித் துருவி ஆராயும் தன் பழைய முறை இனி அதிகம் பலன் தராது என்றும் சொன்னார். சூத்திரத்தை மாணவருக்கு முன்பே ஆசிரியர் தளர்த்திவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

செய்திக்குத் திரும்பினால்

1. ஆப்பிள்: 2016இல் பெர்க்‌ஷயர் வாங்கத் தொடங்கியபோது பலர் அதைத் தொழில்நுட்பப் பங்காகப் பார்த்தார்கள். பஃபெட் பார்த்தது இன்னொரு சீஸ். சாதனங்களைப் பெரும்பாலும் பிறர் ஆலைகளில் செய்து வாங்கும், வாடிக்கையாளரைப் பிடித்துவைத்திருக்கும், கூடுதல் மூலதனம் அதிகம் கேட்காத நிறுவனம். கிரஹாமின் எண்ணுக்கு எதிரானது. பங்கைத் தொழிலாகப் பார் என்ற பாடத்துக்கு உட்பட்டது.

2. ரொக்கக் குவியல்: சந்தை என்ற கூட்டாளி தினமும் கதவைத் தட்டுகிறார், சொல்லும் விலை அதிகமாக இருக்கிறது, கதவைத் திறக்கவில்லை. 2024இல் ஆப்பிள் பங்குகளில் பெரும்பகுதியை விற்றதும் அந்தக் குவியலில் சேர்ந்தது. இதில் சந்தை விழும் என்ற ஆரூடம் எதுவும் அடங்கியிருக்கவில்லை.

3. அடுத்தவர்: 2026 ஜனவரி 1 முதல் பொறுப்பு கிரெக் ஏபெலுடையது, பஃபெட் இயக்குநர் குழுத் தலைவராகத் தொடர்கிறார். ஏபெல் கனடாவில் பிறந்த கணக்காளர். பங்குத் தேர்வு வழியாக இல்லாமல், பெர்க்‌ஷயர் வாங்கிய எரிசக்தி நிறுவனத்தை நடத்தி மேலே வந்தவர். எங்கே முதலீடு செய்வது என்ற முடிவும் அவரிடமே இருக்க வேண்டும் என்று 2024 கூட்டத்திலேயே பஃபெட் சொல்லிவிட்டார். அவர் கற்றது பஃபெட்டிடம். 1934 பாடநூலின் சூத்திரம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே அதில் பாதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தது.